வெளியே வருபவர்களின் முகம்

என் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கோளாறு என்று யாராவது கூப்பிட்டால் போனவுடன் கருவிப் பெட்டியைத் திறக்க மாட்டார். கீழ்த்தளத்தில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, லிஃப்டிலிருந்து வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வயிற்றைத் தொட்டுக்கொண்டு வந்தால் பிரேக். காதைத் தேய்த்துக்கொண்டு வந்தால் மோட்டார். தரையைப் பார்த்து ஜாக்கிரதையாகக் காலை எடுத்து வைத்தால் பெட்டி தளத்துக்குச் சமமாக நிற்கவில்லை. உள்ளே போகிறவன் முகம் எதையாவது நினைத்துக்கொண்டிருக்கும், வெளியே வருகிறவன் முகத்தில்தான் உண்மை இருக்கும் என்பது அவருடைய கட்சி. அந்தத் தொழிலில் அவருக்கு நல்ல பெயர் இருந்ததால் அதை யாரும் மறுத்துப் பேசவில்லை.

கஷ்டம் என்னவென்றால், லிஃப்டோடு அதை அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஹோட்டலுக்குப் போனால் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்த பிறகுதான் உள்ளே போவோம். சினிமாவுக்குப் போனால் முந்தின காட்சி விடும்வரை வாசலில் நிற்போம். ஒருமுறை கூட்டமே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தது. படம் சரியில்லை என்று எங்களைத் திருப்பி அழைத்து வந்துவிட்டார். அது சோகப்படம், அழுதுகொண்டு வந்தால்தான் நல்ல படம் என்று அவருடைய அக்கா வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அக்கா அவருக்கு முன்பே போய்விட்டார். பள்ளிக்கூட விஷயத்தைக் கூட இருந்து பார்த்தவர்களில் நானும் மகளும்தான் மிச்சம். மகள் எங்கே போனாலும் அந்தக் கதையைச் சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறாள். சமீபத்தில் கேட்டபோது அதில் ஒரு டிராக்டர் வந்துவிட்டது. டிராக்டரே கிடையாது. அதனால் நடந்ததை நடந்தபடி நான் எழுதி வைத்துவிடுகிறேன்.

அப்போது நாங்கள் பெரிய நகரத்தில் இருந்தோம். நான் ஒரு துணிக்கடையில், வாங்குகிறவர்களின் அளவுக்கு உடைகளைப் பிடித்துத் தைத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். கணவரின் அக்கா எங்களோடு இருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். நகர ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எதைச் சொன்னாலும், சரி, டிக்கெட்டைக் காட்டு என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். மகளுக்கு ஒன்பது வயது. அண்ணி அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்தால் இரவு தூங்கும்வரை நிறுத்த மாட்டாள். குளிக்கும்போதும் கதவுக்குள்ளிருந்து ஒலிபரப்பு வந்துகொண்டே இருக்கும்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் அவள் வாயைத் திறக்கவில்லை. ஏழு மாடிப் பள்ளிக்கூடம் அது. இரண்டாம் வகுப்பில் ஒருநாள் மூடிய வாய், நான்காம் வகுப்புவரை திறக்கவே இல்லை. எழுதுவாள், படிப்பாள், கேட்டால் தலையை ஆட்டுவாள். பேச மாட்டாள். கூட உட்கார்ந்த பிள்ளைகள் அவளுக்குப் பேச வராது என்றே நினைத்திருந்தார்கள். காது பார்த்தோம், தொண்டை பார்த்தோம். எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்ன டாக்டர், முகங்கள் குறைவாக இருக்கிற சின்னப் பள்ளிக்கூடமாகப் பாருங்கள் என்றார். தலைமையாசிரியை அடுத்த வருடமும் இப்படியே இருந்தால் தனி வகுப்பில்தான் போட வேண்டியிருக்கும் என்றார். ஏன் பேசுவதில்லை என்று நான் அவளிடமே கேட்டேன்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா. எல்லாத்தையும் அவங்களே சொல்லிடறாங்க" என்றாள். சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றி விளக்கு அணைக்கும்வரை பேசினாள்.

கிராமப்புறமாகப் போய்விடுவது என்று என் கணவர் முடிவு செய்தார். அண்ணி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"லிஃப்ட் மெக்கானிக் வயக்காட்டுல போயி என்னடா பண்ணுவே? மாட்டை மாடிக்கு ஏத்தப் போறியா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. ஒரு வாரத்தில் பதிலோடு வந்தார். ஒரு சிறு நகரம், அதைச் சுற்றி நிறைய வயல். அங்கே ஒரு தானியக் கிடங்கில் மூட்டை ஏற்றுகிற லிஃப்ட் இருக்கிறதாம், ஆஸ்பத்திரியில் இரண்டு இருக்கிறதாம், மூன்றுமே அடிக்கடி நின்றுவிடுகிறதாம். நின்றுவிடுகிறது என்பதை அவர் சொன்ன விதத்தைக் கேட்டிருந்தால், யாரோ வீட்டில் குழந்தை பிறந்த சேதி என்று நினைத்திருப்பீர்கள்.

பள்ளிக்கூடம் பார்க்கப் போனபோது அண்ணிக்கு முழங்கால் வலி. வேனில் நாங்கள் மூன்று பேர்தான். அது பள்ளி வருடத்தின் கடைசி வாரம். கிளம்பும்போது அண்ணி ஜன்னல் பக்கம் வந்து, உள்ளே போய் நாலு பேரைக் கேட்டுவிட்டு வா என்று சொல்லி அனுப்பினார். உள்ளே போனால் சிரிப்பார்கள், டீ கொடுப்பார்கள், பரிசுக் கோப்பைகளைக் காட்டுவார்கள், அதில் ஒன்றும் தெரியாது என்று என் கணவர் வேனைக் கிளப்பிவிட்டார்.

முதலில் அந்தச் சிறு நகரத்துப் பள்ளி. கேட்டுக்கு எதிரே வேனை நிறுத்திவிட்டு, பள்ளி விடும் நேரத்துக்குக் காத்திருந்தோம். மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். எல்லோரும் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்குக் கண் சிவந்திருந்தது. ஒரு சின்னப் பெண் கேட்டைத் தாண்டியதும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் கணவர் சாவியைத் திருகினார். கொஞ்ச தூரம் போனபிறகு, கையைப் பிடித்துத் திருகுகிறார்கள் போலிருக்கிறது என்றார். நான் மகளின் கையை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள், நெடுஞ்சாலையில் இருந்த பெரிய பள்ளி. பிள்ளைகள் கதவிலிருந்து நேராகக் கார்களுக்குள் போய்விட்டார்கள். முகமே தெரியவில்லை. முகம் தெரியாத இடத்தில் பெண்ணைச் சேர்க்க முடியாது என்றார்.

மூன்றாம் நாள் ஓர் ஏரிக்கரைப் பக்கம் போனோம். ஓடு போட்ட ஒற்றை மாடிக் கட்டடம், முன்னால் நாலைந்து மரம். முப்பது நாற்பது பிள்ளைகள் இருந்தாலே அதிகம் என்று தோன்றியது. மணி அடித்தது. அடித்தது என்றால், அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் மணியை நிறுத்தவே இல்லை. கதவு படாரென்று திறந்தது. பிள்ளைகள் பைகளை மேலே எறிந்து பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒரு பெண் உலக உருண்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேர் சுருட்டிய வரைபடத்தின் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்திருந்தார்கள். ஒருத்தி பூந்தொட்டியோடு வந்தாள். ஒரு பையன் பெரிய சுவர்க் கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான்.

"அப்பா, அவன் கடிகாரத்தை எடுத்துட்டுப் போறான்" என்றாள் மகள். மூக்கு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

"வீட்டுல நேரம் பாத்துப் படிக்கறதுக்கு" என்றார் அவர். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பள்ளிக்கூடத்துப் பொருளை எல்லாம் நம்பிக் குடுத்து அனுப்பறாங்க பாரு."

பின்னாலேயே ஆசிரியைகள் வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் கட்டிப்பிடித்தார்கள். வயதான ஆசிரியை ஒருவர் மரத்தில் சாய்ந்துகொண்டு அழுதார். சமையல்கார அம்மாள் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டே வாசலைச் சுற்றி ஆடினார்.

"பிள்ளைங்க சாயங்காலம் வீட்டுக்குப் போறதையே தாங்க முடியல பாத்தியா" என்றார் என் கணவர். "நாளைக்குக் காலைல வந்துடப் போறாங்க. அதுக்கே இந்த அழுகை."

நான் சிரிக்க வேண்டும். ஆனால் எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நானும் சும்மா இருக்கவில்லை. அழுதுகொண்டே அந்தச் சீருடையை அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அடர்பச்சைக் கவுன், முன்பக்கம் அகலமான மடிப்பு, தோள்பட்டையில் இரண்டு பொத்தான், கழுத்தில் மெல்லிய மஞ்சள் ஓரம். ஒருமுறை பார்த்தால் எனக்குப் போதும்.

யாரையும் எதுவும் கேட்கவில்லை. அப்படி ஒரு முகத்தைப் பார்த்தபிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்து சொன்னபோது அண்ணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உலக உருண்டையை எதுக்குடா வீட்டுக்குக் குடுத்தாங்க?"

"உலகத்தப் படிக்கத்தான்" என்றார் அவர்.

அண்ணி டிக்கெட் பார்வை பார்த்தார்.

விடுமுறையில் அந்தப் பள்ளிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விடுமுறையில் யார் இருப்பார்கள்? அவ்வளவு சின்னப் பள்ளிக்கூடத்தில், திறக்கிற அன்றைக்கு நேரில் போய்ச் சேர்ப்பதுதான் மரியாதை என்று என் கணவர் தீர்மானித்தார். ஏரிக்கரைக்குப் பின்னால் ஒரு மாடி வீடு வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் எங்கோ வெளியூரில் இருந்தார். சாவி கொடுத்த தரகர் சாவியைப் பற்றி மட்டும்தான் பேசினார். நான் கடையில் பச்சைத் துணி தேடி எடுத்து மூன்று கவுன் தைத்தேன். மஞ்சள் ஓரத்துக்கு மூன்று கடை ஏறினேன். மகள் போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, வருகிற வருடம் தானும் ஏதாவது ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவரப் போவதாகவும், பூந்தொட்டி என்றால் பரவாயில்லை என்றும், பெஞ்சு கொடுத்தால் என்ன செய்வது என்றும் பேசிக்கொண்டே இருந்தாள்.

பள்ளி திறப்பதற்கு முதல் நாள்தான் போய் இறங்கினோம். சாமான் லாரி முன்னால் போக, நாங்கள் வேனில் பின்னால் போனோம். எங்கள் வீட்டுக் கடிகாரத்தை லாரியில் போட அண்ணி சம்மதிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பள்ளம் வரும்போதெல்லாம் அது ஒரு மணி அடித்தது. கட்டில் ஏற்றவில்லை, அடுப்பு வைக்கவில்லை, அதற்குள் என் கணவர் மாடிப்படி ஓரத்தில் கயிறும் கப்பியும் மாட்டி, காய்கறிக் கூடை ஒன்றைக் கட்டிவிட்டார். மாடியறை அண்ணிக்கு. டீ கூடையில் ஏறிப் போயிற்று. காலி டம்ளர் இறங்கி வந்தது. கூடவே, சர்க்கரை போதவில்லை என்ற புகாரும் படியில் இறங்கி வந்தது. மகள் தன்னையும் ஏற்றச் சொன்னாள். நான் தடுக்காவிட்டால் ஏற்றியிருப்பார்.

மறுநாள் காலையில் நான்கு பேரும் நடந்தே போனோம். மகள் பச்சைக் கவுனில் முன்னால் போனாள். என் கணவர் தலையைப் படிய வாரியிருந்தார். ஏரிக்காற்று அதைக் கலைத்துக் கலைத்து விட்டது. அண்ணி முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தார். எனக்கு அன்று காலையில் எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்தது. வாத்து ஒன்று குறுக்கே போனதற்குச் சிரித்தேன்.

கேட் திறந்துதான் இருந்தது. உள்ளே பிள்ளைகள் இல்லை. சீக்கிரம் வந்துவிட்டோம் என்று நினைத்து வகுப்பறைக் கதவைத் தள்ளினோம். தரையிலிருந்து ஜன்னல்வரை உருளைக்கிழங்கு மூட்டை. நடுவில் தராசு போட்டுக்கொண்டு ஒரு விவசாயி உட்கார்ந்திருந்தார். எங்களையும் பச்சைக் கவுனையும் மாறி மாறிப் பார்த்தார்.

என் கணவர் தலைமையாசிரியை எப்போது வருவார் என்று கேட்டார்.

"அவங்க இனிமே எதுக்குங்க வரப் போறாங்க? பள்ளிக்கூடத்தத்தான் மூடியாச்சே. இப்ப இது விதைக்கிழங்கு கிடங்கு."

"மூடியாச்சா? நாங்க வந்து பாத்தோமே. பிள்ளைங்க எல்லாம் அவ்வளவு சந்தோஷமா வெளிய வந்தாங்க."

"என்னைக்கு வந்தீங்க?"

என் கணவர் நாளைச் சொன்னார்.

"அதுதாங்க கடைசி நாள்" என்றார் விவசாயி. "சாமானை எல்லாம் பிள்ளைங்களுக்கே பங்கு போட்டுக் குடுத்துட்டாங்க. எங்க வீட்டுக்கு அந்த மணி வந்திருக்கு. என் மவன் தூங்க விடமாட்டேங்கறான்."

அண்ணிதான் முதலில் ஒரு மூட்டைமேல் மெதுவாக உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப் பக்கத்தில் போனேன். "உலகத்தப் படிக்கத்தான்" என்று மூச்சுத் திணறச் சொன்னார். அவ்வளவுதான், நானும் போனேன். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்து, தரையில் உட்கார்ந்து சிரித்து, விக்கல் எடுத்து, விக்கலுக்கும் சிரித்தாள். என்ன ஏது என்று தெரியாமல் விவசாயியும் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். ஆனால் எங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். கலைந்த தலையோடு, ஒரு கிழங்கைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"திரும்பிப் போயிடலாம்" என்றார் என்னிடம். "அங்க கேட்டா பழைய இடத்துலயே சேத்துக்குவாங்க. தனி வகுப்புன்னாலும் பரவால்ல. மிச்சம் இருக்கறது அந்தக் கையத் திருகற பள்ளிக்கூடம்தானே. அங்க எப்படி இவளை விடறது?"

வீட்டை மாற்றி, வேலையை மாற்றி, அண்ணியை ஒரு கூடையின் தயவில் மாடியில் குடிவைத்து, இவ்வளவும் ஒரு வாய் திறப்பதற்காகச் செய்தது. அதெல்லாம் இந்த மூட்டைகளுக்கு நடுவில் வந்து நின்றிருந்தது.

மகள் விக்கலோடு எழுந்து விவசாயியிடம் போனாள். எங்களைத் தவிர வேறு யாரிடமும் அவள் தானாகப் போய்ப் பேசி நான் பார்த்ததில்லை.

"அந்தக் கடிகாரப் பையன் இப்ப எங்க படிக்கறான்?"

எல்லாப் பிள்ளைகளும் டவுன் பள்ளிக்குத்தான் போயிருக்கிறார்கள் என்றும், பஸ் இப்போதுதான் போயிற்று என்றும் அவர் சொன்னார்.

"அப்ப அங்கயே போலாம்பா" என்றாள். "அந்தக் கடிகாரம் ஓடுதான்னு கேக்கணும்."

என் கணவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

"இந்தத் தடவை உள்ள போறோம்டா" என்றார்.

வீட்டுக்கு ஓடி வேனை எடுத்துக்கொண்டு பஸ்ஸை விரட்டினோம். டவுன் பள்ளியில் உள்ளே போனோம். சிரித்தார்கள், டீ கொடுத்தார்கள், பரிசுக் கோப்பைகளையும் காட்டினார்கள். அண்ணி ஒரு நாற்காலியைப் பிடித்துப் போட்டு உட்கார்ந்து, இந்தப் பள்ளியில் எந்த விஷயத்துக்காகப் பிள்ளைகளின் கையை முறுக்குகிறீர்கள் என்று நேராகவே கேட்டுவிட்டார். எழுத்தர் அம்மாள் திகைத்துப் போனார். நாங்கள் வந்த தேதியைக் கேட்டார். நினைவுபடுத்திப் பார்த்தார். அன்று எல்லோருக்கும் தடுப்பூசி போட்டார்களாம்.

அண்ணி தன் தம்பியைப் பார்த்தார். அவர் பரிசுக் கோப்பைகளை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே வகுப்பில் உட்காரலாம் என்றார்கள். நீலச் சீருடை தைத்து வரும்வரை பச்சையே இருக்கட்டும் என்றார்கள். வகுப்பு வாசலில் மகளின் முகம் மாறியது. எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். ஷட்டர் இறக்கிய கடை. என் விரல்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு உள்ளே போனாள். எல்லோரும் நீலம். நடுவில் ஒரே ஒரு பச்சை. கதவு மூடிக்கொண்டது.

என் கணவர் ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்க்கப் போனார். உடனே திரும்பி வந்துவிட்டார். அங்கே வெளியே வந்தவர்கள் முகத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். இனிமேல் கருவிப் பெட்டியைத் திறந்தே பார்க்கலாம் என்று இருப்பதாகச் சொன்னார். எதிர் ஓரத்தில், போன தடவை நிறுத்திய அதே இடத்தில் வேனை நிறுத்திக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

மணி அடித்தது. நீலம் நீலமாக வந்தார்கள். யாரும் கையைப் பிடித்திருக்கவில்லை. பச்சையைக் காணோம். கூட்டம் குறைந்தது. என் கணவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அப்புறம் கதவருகே ஒரு கும்பல் நெருக்கிக்கொண்டு வந்தது. ஏழெட்டுப் பேர் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு, சிரித்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் பச்சை.

கை ஆடிக்கொண்டிருந்தது. வாய் ஆடிக்கொண்டிருந்தது. நடந்துகொண்டே நின்றாள், நின்றுகொண்டே திரும்பினாள், ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் பிடித்துக் கழுத்தை நீட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் ஒரு மூட்டைமேல் மெதுவாக உட்காருவதுபோல் குனிந்து தோளைக் குலுக்கினாள்.

"அது நான்" என்றார் அண்ணி.

கடிகாரப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். மகள் எங்கள் வேனைச் சுட்டிக் காட்டினாள். கும்பல் முழுவதும் திரும்பி எங்களைப் பார்த்தது. என் கணவர் இருக்கையில் சறுக்கிக் கீழே இறங்கினார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டா" என்றார் கீழேயிருந்து.

பின்னால் அவளுடைய ஆசிரியை சாலையைக் கடந்து வந்தார். என் கணவர் அவசரமாக நிமிர்ந்து உட்கார்ந்து ஜன்னலை இறக்கினார். ஆசிரியை தயங்கித் தயங்கித்தான் சொன்னார். முதல் நாளே குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. மூடிய பள்ளியின் சீருடையில் முன்பின் பார்க்காத பெண் வந்திருக்கிறாளே என்று அங்கே படித்த பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். இவள் கொஞ்ச நேரம் சும்மா இருந்திருக்கிறாள். அப்புறம் ஆரம்பித்திருக்கிறாள்.

"மத்தியானம் பாடமே நடத்த முடியலைங்க. கிளாஸ்ல கொஞ்சம் பேசாம இருக்கச் சொல்லுங்க."

என் கணவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க, சரியா கேக்கல" என்றார். "இன்னொரு தடவை சொல்றீங்களா?"

ஆசிரியை இன்னொரு தடவை சொன்னார். அண்ணி பின்சீட்டிலிருந்து எட்டி, தனக்கும் சரியாகக் கேட்கவில்லை என்றார்.

மகள் ஏறிக்கொண்டாள். கடிகாரம் ஓடுகிறதாம், ஆனால் கால் மணி பிந்தி ஓடுகிறதாம். அதை மட்டும் சொன்னாள். வேன் கிளம்பியதும் அண்ணி மடியில் தலையை வைத்து, வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டாள். ரேடியோவுக்குப் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றார் அண்ணி, அவள் தலையை நகர்த்தாமல்.

என் கணவர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். சாலையைப் பாருங்கள் என்று நான் இரண்டு முறை சொன்னேன். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டு, அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏரிக்கரை வந்தபோது பள்ளிக்கூடத்துக்கு எதிரே வேனை மெதுவாக்கினார். விவசாயி கிழங்கு மூட்டையைத் தோளில் சுமந்து, எங்கள் வேனைப் பார்த்துச் சிரித்தபடி வெளியே வந்துகொண்டிருந்தார்.

"இப்பவும் சந்தோஷமாத்தான் வெளிய வர்றாங்க" என்றார் என் கணவர்.